குரூப் மாறிய ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பின் சிவப்பணு வருகிறதா? கவனிக்கும் முறை

வேறு ரத்த குரூப்காரரின் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) ஏற்றியாயிற்று. வெள்ளையணு ஏறிவிட்டது, பிளேட்லெட்டும் ஏறிவிட்டது. ஹீமோகுளோபின் மட்டும் ரத்தம் ஏற்றினால்தான் நிற்கிறது. நோயாளி ஓ, கொடையாளர் ஏ என்றால் இப்படி நடக்கலாம். கொடையாளர் தேர்வில் எச்.எல்.ஏ (செல்களின் மேலுள்ள அடையாளப் புரதம்) பொருத்தமே பிரதானம். ரத்த வகை வேறாக இருப்பது தடையில்லை. ஆனால் நோயாளியின் பழைய பிளாஸ்மா செல்களில் (ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதத்தைச் சுரப்பவை) சில கீமோவுக்குத் தப்பி, ஏ-க்கு எதிரான ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டிருக்கும். மஜ்ஜையில் உருவாகும் புது சிவப்பணு அங்கேயே அழிந்துபோகும்.

ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஏற்றிய ரத்தமும் அதில் சேர்ந்திருக்கிறது. மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும் இளம் சிவப்பணுவான ரெட்டிகுலோசைட்தான் உண்மையைச் சொல்லும். ஒரு நோட்டில் தேதி, ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட், ஏற்றிய பைகள், ஆன்டிபாடி டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) என ஐந்து கட்டம் போடுங்கள். டைட்டர் 128, 32, 8 என்று இறங்கினால் வழி திறக்கிறது. 32 இருந்த இடத்தில் 16 வந்தால் துள்ள வேண்டாம். ஒரு படி (இரு மடங்கு) வித்தியாசம் பரிசோதனையிலேயே வரும். எப்போதும் ஒரே லேபில் எடுங்கள்.

ஸ்டெம் செல் ஏற்றி 60 நாள் தாண்டியும் ரெட்டிகுலோசைட் 1 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் மஜ்ஜைப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பார்வோ வைரஸ் பி19 எனும் கிருமியின் தொற்றும் இதே தோற்றத்தைத் தரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்குக் காத்திருந்தாலே சரியாகிவிடுகிறது. ஆகாவிட்டால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தைக் குறைப்பது, ரிட்டுக்ஸிமாப், டாரட்டுமுமாப் மருந்துகள் என வழிகள் உண்டு. எதிர்ப்புசக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். புது செல்கள் உடம்பையே தாக்கத் தொடங்கலாம்.

ஏற்றும் ரத்தப் பை மாறுவதுதான் பெரிய ஆபத்து. நோயாளி ஓ, கொடையாளர் ஏ: ஏற்ற வேண்டிய சிவப்பணு ஓ, பிளாஸ்மாவும் (ரத்தத்தின் திரவப் பகுதி) பிளேட்லெட்டும் ஏ. ஓ பிளாஸ்மாவில் ஏ-எதிர்ப்பு இருப்பதே காரணம். இருவரில் ஒருவர் ஏ, மற்றவர் பி என்றால் சிவப்பணு ஓ, பிளாஸ்மா ஏபி. சிவப்பணு, பிளேட்லெட் பைகள் கதிர்வீச்சு கொடுத்தவையாக இருக்க வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்த்தால் அங்கே பழைய குரூப்பை மட்டும் பார்ப்பார்கள்; இந்த விவரத்தை அட்டையில் எழுதி நோயாளியின் கைப்பையில் வையுங்கள்.

நோயாளி ஏ, கொடையாளர் ஓ என்றால் கதை தலைகீழ். கொடையாளரின் லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளையணு) ஸ்டெம் செல் ஏற்றிய 5 முதல் 15 நாளுக்குள் நோயாளியின் பழைய சிவப்பணுவை உடைக்கலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

ரத்தசோகைதானே என்று இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பையும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பை உள்ளே விட்டுப் போகிறது. 20 பையில் 4 கிராமுக்குக் குறையாது. தேவை டானிக் அல்ல, உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை.