எக்லிப்ஸ் மாடலிங் டூலில் ஒரு புது நோடு சேர்ப்பது எப்படி: மாணவர் புராஜெக்டுக்கு ஒரு வழி

புராஜெக்டுக்கு என்று புது டயகிராம் வகையையே உருவாக்கக் கிளம்பாதீர்கள். இருக்கிற ஸ்டேட் டயகிராமில் (நிலைகளையும் அவற்றுக்கிடையே மாறுவதையும் காட்டும் படம்) ‘டைமர்’ என்று ஒரே ஒரு நோடு, அதாவது ஒரு பெட்டி, சேர்த்தாலே மாடல் (படத்தின் பின்னுள்ள தரவு), எடிட்பார்ட் (மாடலையும் படத்தையும் இணைப்பது), ஃபிகர் (திரையில் வரையும் வடிவம்), கமாண்ட் (ஒரு மாற்றத்தைச் செய்து, திரும்பவும் எடுக்கத் தெரிந்தது), ஃபைல் சேமிப்பு என எல்லா அடுக்கையும் தொட்டாக வேண்டும். ஒரு செமஸ்டருக்கு அதுவே தாராளம். இங்கே சொல்வது எக்லிப்ஸில் ஜிஇஎஃப் (வரைபட எடிட்டர் கட்டும் நூலகம்), இஎம்எஃப் (மாடலை வரையறுத்து நிரல் உருவாக்கும் நூலகம்) கொண்டு கட்டிய டூல்களுக்கு.

ஆர்சிபி (எக்லிப்ஸ் மேல் தனிச் செயலிகள் கட்டும் தளம்) டெவலப்பர்களுக்கான எக்லிப்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். பிளக்-இன் எழுதத் தேவையான பிடிஇ என்ற கருவித் தொகுப்பு அதிலேயே இருக்கிறது. அடுத்து டார்கெட் பிளாட்ஃபார்மை (எந்த பிளக்-இன்களோடு கம்பைல் செய்வது என்ற தொகுப்பு) டூலின் பதிப்புக்கே பொருத்துங்கள். இதை விட்டால் நிரல் உங்கள் ஐடிஇயின் (நிரல் எழுதும் எக்லிப்ஸின்) புது நூலகங்களோடு கம்பைல் ஆகும், டூலுக்குள் போனதும் டிபெண்டன்சி கிடைக்காமல் பிளக்-இன் எழும்பாது.

டூலின் சோர்ஸில் கை வைக்காமல் தனி பிளக்-இன் புராஜெக்ட் தொடங்கி, பேலட்டுக்கு (நோடுகளை எடுக்கும் பட்டை) எக்ஸ்டென்ஷன் பாயின்ட், அதாவது வெளி பிளக்-இன் வந்து சேர இடம், உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதை நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும். டூலில் செய்யும் மாற்றம் அந்த அளவோடு நிற்கட்டும். முதலில் பேலட்டில் வெறும் பெயர் மட்டும் தெரியட்டும், வரைவதெல்லாம் பிறகு. ‘எக்லிப்ஸ் அப்ளிகேஷன்’ என்று ரன் செய்தும் பெயர் வரவில்லையா? மேனிஃபெஸ்டில் (பிளக்-இன்னின் விவர ஃபைல்) பிளக்-இன் பெயரோடு சிங்கிள்டன் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் பதிவாகாது. அது சரி என்றால் ரன் கான்ஃபிகரேஷனில் ‘வேலிடேட் பிளக்-இன்ஸ்’ அழுத்துங்கள். கிளாஸுக்கு ஆர்கியுமென்ட் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் இல்லாததும் வழக்கமான காரணம். எரர் லாக் வியூ அதைச் சொல்லிவிடும்.

மாடலுக்குத் தனி ஈகோர் ஃபைல் (இஎம்எஃப் மாடலின் வரையறை) வைத்து, டூலின் ஸ்டேட் கிளாஸிலிருந்து டைமரை வருவியுங்கள். அதிலிருந்து உருவான நிரலில் நீங்கள் திருத்திய மெத்தடுக்கு மேலுள்ள ஜெனரேட்டட் குறிப்போடு ‘நாட்’ சேர்க்க மறந்தால், அடுத்த முறை ஜெனரேட் செய்யும்போது திருத்தம் காணாமல் போகும். இந்த வழியில் ஒரு விலையும் உண்டு. உங்கள் பிளக்-இன் இல்லாதவர் அந்த ஃபைலைத் திறந்தால், பேக்கேஜ் கிடைக்கவில்லை என்ற பிழைதான் வரும். ரிப்போர்ட்டில் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

எடிட்பார்ட்டின் ஆக்டிவேட் மெத்தடில் மாடலைக் கவனிக்கச் சேர்த்த அடாப்டரை டீஆக்டிவேட் மெத்தடில் நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால், நோடை அழித்து அன்டூ செய்த பிறகு பழைய எடிட்பார்ட்டும் புதியதும் சேர்ந்தே அதே மாடலைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான புராஜெக்டுகள் சறுக்குவது கமாண்டில். ஜிஇஎஃப்பில் ரீடூ என்பது, நீங்கள் மாற்றி எழுதாதவரை, கமாண்டின் வேலையைச் செய்யும் எக்ஸிக்யூட் மெத்தடையே மறுபடி அழைப்பதுதான். அதனால் எக்ஸிக்யூட்டுக்குள் புது டைமர் ஆப்ஜெக்டை உருவாக்கினால், ரீடூவில் வருவது வேறொரு டைமர். அதை நகர்த்திய அடுத்த கமாண்டோ பழைய ஆப்ஜெக்டையே பிடித்திருக்கும். ரீடூ அழுத்தினால் திரையில் எதுவும் அசையாது. ஆப்ஜெக்டை வெளியே உருவாக்கிக் கமாண்டிடம் கொடுங்கள், எக்ஸிக்யூட் அதைச் சேர்க்க மட்டும் செய்யட்டும்.

டெலிட்டில் வேறு சிக்கல். நோடை எடுக்குமுன் அதில் வந்து சேரும் இணைப்புக் கோடுகளையும் புறப்படும் கோடுகளையும் ஒரு பட்டியலில் எடுத்து வையுங்கள். தன்னிலிருந்து தனக்கே திரும்பும் கோடு இரண்டு பக்கமும் எண்ணப்படும். ஒரு முறைக்கு மேல் சேராமல் பாருங்கள், இல்லையேல் அன்டூ அதே கோட்டை இரண்டு முறை சேர்க்கப் பார்க்கும். திரும்பச் சேர்க்கும்போது முதலில் நோடு, பிறகு கோடுகள். சோதனை இப்படி: டைமரில் மூன்று கோடு, அதில் ஒன்று சுய கோடு, அழி, அன்டூ, ரீடூ, மறுபடி அன்டூ, சேமி, மூடித் திற. மூன்று கோடும் இருக்க வேண்டும்.

டெமோவுக்கு முந்தைய நாளே பிளக்-இன்னை எக்ஸ்போர்ட் செய்து, புதிதாக நிறுவிய டூலில் போட்டுப் பாருங்கள். ஐடிஇயில் ஓடியது அங்கே ஐகான் இல்லாமல் நின்றால், பில்ட் ப்ராப்பர்டீஸ் ஃபைலில் பைனரி பட்டியலுக்குள் ஐகான் ஃபோல்டரைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். பேலட்டில் பெயரே வராவிட்டால் விடுபட்டது பிளக்-இன் எக்ஸ்எம்எல் ஃபைல்.