இரண்டாவது ஜூன்: ஜப்பானின் குடியிருப்பு வரியில் வெளிநாட்டவர் செய்யும் தவறுகள்

ஜப்பானுக்கு வேலைக்கு வந்தவர்களிடம் அவர்களுடைய இரண்டாம் வருட ஜூன் மாதச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஏப்ரலில் இன்கிரிமென்ட் வந்தது, ஜூனில் கைக்கு வந்த பணம் குறைந்துவிட்டது" என்பார்கள். சம்பளச் சீட்டில் அதுவரை காலியாகக் கிடந்த ஒரு கட்டத்தில் 15 ஆயிரம், 20 ஆயிரம் என்று ஓர் எண் வந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் ஜூமின்செய், அதாவது குடியிருப்பு வரி. "உள்ளூர் வரியை ஏற்றிவிட்டார்கள்" என்ற புலம்பல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் பார்த்த வரையில், விகிதம் ஏறியதால் அடிபட்டவர்களை விட, இந்த வரியின் காலக்கணக்கு புரியாமல் அடிபட்டவர்களே அதிகம்.

முதல் வருடத்தை நம்பிச் செலவு செய்வது

கணக்கு இப்படித்தான். போன வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததன் மேல், இந்த வருடம் ஜனவரி 1 அன்று நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தீர்களோ அந்த ஊர் வரி போடும். பிடித்தம் ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை நடக்கும். கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 10 சதவீதம். சாதாரணமாக நகராட்சிக்கு 6, மாகாணத்துக்கு 4. அதற்கு மேல் தலைக்கு 5,000 யென். குடும்பம் இல்லாத ஒருவர் ஆண்டுக்கு 50 லட்சம் யென் சம்பளம் வாங்கினால், வரி தோராயமாக 2 லட்சத்து 40 ஆயிரம் யென் வரும். மாதத்துக்கு 20 ஆயிரம்.

2025 ஏப்ரலில் வந்து இறங்கியவருக்கு முந்தைய ஆண்டு ஜப்பானில் வருமானமே இல்லை. அதனால் 2026 மே வரை இந்த வரி கிடையாது. 2026 ஜூனில் ஒன்பது மாதச் சம்பளத்துக்கான வரி வரும். 2027 ஜூனில்தான் முழு ஆண்டுக்கான வரி. ஆக, சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாமல் அவருக்கு இரண்டு தடவை வரி "ஏறும்". முதல் வருடத்தில் கைக்கு வந்ததை வைத்து வீட்டு வாடகையை முடிவு செய்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். முதல் மாதத்திலிருந்தே 20 ஆயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் இந்த அதிர்ச்சியே இருக்காது. சொல்வது சுலபம், நானும் செய்யவில்லை.

2025 ஜூனில் பழைய ஆட்களும் புலம்பினார்கள். அதற்கும் காரணம் உண்டு. 2024-இல் அரசு ஒரே ஒரு முறை தலைக்கு 10,000 யென் குடியிருப்பு வரியைக் குறைத்தது. அந்த ஜூனில் பிடித்தமே இல்லாமல், மீதியைப் பதினோரு மாதங்களில் பிடித்தார்கள். மறுவருடம் சலுகை போனதும் பழைய அளவு புதிய உயர்வு போலத் தெரிந்தது. 2024-இல் வந்த 1,000 யென் வனச் சூழல் வரியும் அப்படித்தான்: பேரிடர் மறுசீரமைப்புக்காகப் பத்து ஆண்டுகள் வாங்கிய 1,000 யென் 2023-உடன் முடிந்தது, அதே இடத்தில் இது வந்து உட்கார்ந்தது. பெயர்ப் பலகையை மாற்றிய கடை மாதிரி.

செய்தியில் வரும் 160-ஐ நம்பி வேலை நேரத்தைக் கூட்டுவது

2025-இல் வருமான வரி கட்டத் தொடங்கும் எல்லை 103 மான் யென்னிலிருந்து 160 மானாக உயர்ந்தது (ஒரு மான் என்பது பத்தாயிரம்). பகுதி நேர வேலை பார்க்கும் மாணவர்களும் துணைவர்களும் இனி எந்த வரியும் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அது மத்திய அரசின் வருமான வரிக்கு மட்டும். குடியிருப்பு வரியில் அடிப்படைக் கழிவு அதே 43 மான்தான். சம்பளக் கழிவு மட்டும் கொஞ்சம் கூடியதால், டோக்கியோவின் 23 வார்டுகளில் தனி ஆளுக்கு எல்லை 100 மானிலிருந்து 110 மானாகியிருக்கிறது, அதுவும் 2026-ஆம் ஆண்டு வரியிலிருந்து.

வரி குறைவான ஊரைத் தேடுவது

ஊர் மாறினால் குடியிருப்பு வரி குறையும் என்று வீடு தேடுபவர்கள் உண்டு. நாகோயாவில் மொத்தம் 9.7 சதவீதம், கனகாவா மாகாணத்தில் நீர்வளப் பாதுகாப்புக்காக 0.025 சதவீதமும் 300 யென்னும் கூடுதல். வித்தியாசம் என்றால் இவ்வளவுதான். இதற்காக லாரி பிடித்தால் லாரிக் கூலிதான் நஷ்டம். ஊருக்கு ஊர் உண்மையிலேயே மாறுவது தேசிய மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம், அதாவது கொக்குஹோ. கம்பெனிக் காப்பீடு இல்லாதவர்கள் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

கொக்குஹோவில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். வேலையை விட்டதும் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். "டாக்டரிடம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், பதியும் அன்று பழைய மாதங்களுக்கும் சேர்த்து பில் வரும். இரண்டாவது, வருமானம் இல்லாதவர்கள் "பூஜ்யம்தானே, எதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்" என்று இருந்துவிடுவது. குறைந்த வருமானக்காரர்களுக்கு, கட்டணத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வரும் பகுதியில் 70, 50 அல்லது 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் பூஜ்யம் என்பதையும் நீங்கள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கம்பெனியே வேலையை விட்டு நீக்கியிருந்தால் போன வருடச் சம்பளத்தில் 30 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். இதையும் கேட்டால்தான் கிடைக்கும்.

கம்பெனி மாறும்போது உறையைப் பிரிக்காமல் விடுவது

கம்பெனி மாதாமாதம் பிடித்துக் கட்டினால் தொல்லை இல்லை. நடுவில் வேலை மாறினால் பிடித்தம் அறுந்து, மீதி வரிக்கான சீட்டுகள் வீட்டுக்கு வரும். சாதாரணமாக ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி என்று நான்கு தவணை. புது கம்பெனி பிடிக்கிறது என்று வேலை மாறியவர் நினைப்பார், நகராட்சியின் உறை பிரிக்கப்படாமல் அலமாரி மேல் கிடக்கும்.

கெடு தாண்டினால் நினைவூட்டல் கடிதம் வரும். அது அனுப்பப்பட்டு பத்து நாளில் கட்டாவிட்டால் வங்கிக் கணக்கையோ சம்பளத்தையோ முடக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாமதக் கட்டணம் 2025-இல் முதல் மாதத்துக்கு ஆண்டு வீதம் 2.4 சதவீதம், அதற்குப் பிறகு 8.7.

பணத்தை விடப் பெரிய இழப்பு நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் தெரியும். அங்கே பொதுவாகக் கடந்த 5 ஆண்டுகளின் குடியிருப்பு வரிச் சான்றுகளைக் கேட்பார்கள். ஓய்வூதியம், காப்பீடு இரண்டுக்கும் 2 ஆண்டுகள். "எல்லாம் கட்டி முடித்துவிட்டேன்" என்பது போதாது, கெடுவுக்குள் கட்டினீர்களா என்று பார்க்கிறார்கள். சீட்டு வைத்துக் கட்டுபவர்கள் ரசீதைத் தூக்கிப் போடக்கூடாது. மொபைல் செயலியில் கட்டினால் காகித ரசீது வராது என்பதால், விண்ணப்பிக்கப் போகிறவர் கொம்பினி என்னும் சிறு பல்பொருள் கடையில் முத்திரை வாங்கிக் கட்டுவதே நல்லது என்பது என் கட்சி. நிரந்தர வதிவிடம் ஏற்கெனவே கிடைத்தவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. வேண்டுமென்றே வரி கட்டாதவர்களின் அந்தஸ்தை ரத்து செய்ய இடம் கொடுக்கும் சட்டத் திருத்தம் 2024 ஜூனில் நிறைவேறிவிட்டது.

ஊருக்குத் திரும்பும் தேதியை யோசிக்காமல் வைப்பது

இதுதான் அதிகப் பணம் போகும் இடம். ஒருவர் 2026 மார்ச்சில் நாட்டை விட்டுக் கிளம்புகிறார் என்று வையுங்கள். ஜனவரி முதல் மே வரைக்குள் வேலையை விட்டால், அந்த மே வரையிலான பாக்கியைக் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிப்பார்கள். சரி, அதோடு முடிந்தது என்று விமானம் ஏறிவிடுவார். ஜனவரி 1 அன்று இவர் ஜப்பானில் இருந்ததால் 2025 வருமானத்துக்கான முழு வரியும் இனிமேல்தான் பாக்கி. அதற்கான கடிதம் ஜூனில் வரும், வாங்க ஆள் இருக்க மாட்டார். அதனால் கிளம்புமுன் நோசெய் கான்ரினின் என்னும் வரிப் பொறுப்பாளராக ஜப்பானில் இருக்கும் ஒருவரை வார்டு அலுவலகத்தில் பதிந்து, பணத்தையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நண்பரிடம் கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள். மேலே சொன்ன 50 லட்சம் கணக்கில் அது 2 லட்சத்துக்கு மேல்.

இதே ஆள் 2025 டிசம்பரிலேயே குடிபெயர்வைப் பதிந்துவிட்டுக் கிளம்பியிருந்தால் அந்த முழு ஆண்டு வரியும் கிடையாது. போகிற தேதி உங்கள் கையில் இருந்தால் இதை யோசிக்கலாம். டிசம்பர் 30-இல் போய்விட்டுப் பொங்கல் முடிந்து திரும்பி வரும் தந்திரம் மட்டும் எடுபடாது. உண்மையில் எங்கே வாழ்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

ஃபுருசாதோ நோசெய் செய்தவர்களுக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிடித்த ஊருக்கு நன்கொடை கொடுத்தால் 2,000 யென் போக மீதி வரியில் கழிந்து, அரிசியோ இறைச்சியோ வீட்டுக்கு வரும் திட்டம் இது. கழிவின் பெரும்பகுதி அடுத்த வருடக் குடியிருப்பு வரியில்தான் நடக்கிறது. அடுத்த வருடம் அந்த வரியே இல்லாமல் ஊருக்குப் போகிறவர், கழிக்க இடமில்லாமல் அரிசிக்கு முழு விலை கொடுத்தவர் ஆகிறார். இங்கேயே இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. ஐந்து ஊர்களுக்குள் கொடுத்தால், கணக்கு தாக்கல் செய்யாமலே ஜனவரி 10-க்குள் ஒரு படிவம் அனுப்பி முடிக்கலாம். அதை அனுப்பிய பிறகு மருத்துவச் செலவுக்காகவோ வேறெதற்கோ வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அந்தப் படிவம் செல்லாது. நன்கொடைகளை மறுபடியும் அந்தக் கணக்கிலேயே எழுத வேண்டும்.

அப்பா கணக்கில் போட்டால் அம்மாவுக்கும் சேர்த்தி என்று நினைப்பது

ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்களைச் சார்ந்தோராகக் காட்டி வரி குறைக்கலாம். குடியிருப்பு வரியில் ஒருவருக்கு 33 மான் கழிவு என்றால் ஆண்டுக்கு 33,000 யென் மிச்சம். வருமான வரியில் குறைவது தனி. 2023-இலிருந்து விதி இறுகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயதுக்காரருக்கு, அவர் மாற்றுத்திறனாளியோ படிப்புக்காக ஜப்பானிலிருந்து வெளிநாடு போனவரோ இல்லையென்றால், ஆளுக்கு ஆண்டுக்கு 38 மான் யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும். 70 தாண்டியவர்களுக்கு இந்தத் தொகை நிபந்தனை இல்லை, பணம் அனுப்பிய சான்று மட்டும் வேண்டும்.

நம் வீடுகளில் அப்பா கணக்கில் போட்டால் அது குடும்பத்துக்கே போட்டது. வரித்துறைக்கு அப்படி இல்லை. அம்மா பெயரில் அனுப்பிய சீட்டு இல்லாவிட்டால் அம்மா கணக்கில் வர மாட்டார். லீவுக்குப் போகும்போது கையில் கொடுத்த பணமும் வராது. உறவைக் காட்டும் ஆவணத்துக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். அப்பாவுக்கு ஓய்வூதியம் இருந்தால் அவர் வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி-கசாய் பக்கம் "ரெண்டு பேரையும் போட்டுடு, யாரும் கேக்க மாட்டாங்க" என்று அறிவுரை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். பின்னால் கேட்டால், கட்டப்போவது அவர் இல்லை.

20 மானுக்குள் என்றால் சொல்ல வேண்டாம் என்று விடுவது

சம்பளக்காரருக்குப் பக்க வருமானம் 20 மானுக்குள் இருந்தால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யத் தேவையில்லை. இது எல்லோருக்கும் தெரியும். குடியிருப்பு வரியில் அந்தச் சலுகை இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் தொகையை வார்டு அலுவலகத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவருக்கு இதில் இன்னொரு அடுக்கு உண்டு. கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் இருந்துவிட்டால், ஊரில் வரும் வாடகையும் வட்டியும் ஜப்பானுக்கு வராவிட்டாலும் இங்கே வரிக்குள் வரும். இந்தியாவில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வட்டிக்கு வரி இல்லை என்பது இங்கே செல்லாது. இந்தியாவில் கட்டிய வரி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது.

வீடும் வண்டியும்

புது வீட்டுக்குச் சொத்து வரியில் கட்டடப் பகுதி சாதாரண வீட்டுக்கு 3 ஆண்டுகள், அடுக்குமாடிக்கு 5 ஆண்டுகள் பாதியாக இருக்கும். கடன் தவணையைக் கணக்குப் போடும்போது அதற்குப் பிந்தைய தொகையை வைத்துப் போடுங்கள். வண்டிக்கு ஏப்ரல் 1 அன்று யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பில். ஸ்கூட்டரை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றாமல் ஊருக்குப் போனவர்கள் கதை நிறைய.

கட்ட முடியாதபோது ஒளிந்துகொள்வது

வேலை போய்விட்டது, போன வருடச் சம்பளத்துக்கான வரிச்சீட்டு வந்து நிற்கிறது. போன வருடக் கணக்கில் ஓடும் வரியில் இது நடக்கத்தான் செய்யும். கெடுவுக்கு முன்னால் சீட்டையும், வங்கிப் புத்தகத்தையும், வேலை போனதற்கான காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்தின் வரிப் பிரிவுக்குப் போங்கள். ஜப்பானிய மொழி வராவிட்டால் "புன்னோ" என்ற ஒரு சொல் போதும். பிரித்துக் கட்டுவது என்று அர்த்தம். மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்பார்கள். உண்மையில் கட்ட முடிகிற தொகையைச் சொல்லுங்கள். மரியாதைக்காகக் கூட்டிச் சொல்லி இரண்டாம் மாதமே தவறினால், அடுத்த தடவை அதே கவுன்டரில் பேச்சு இவ்வளவு சுலபமாக இருக்காது.