ஒருமுறை தந்தவர் மறுமுறையும் தர: வன்னியின் சிறு அமைப்புகளுக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாலைநேர வகுப்பு நடத்தும், கிணறு இறைத்துக் கொடுக்கும், பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கித் தரும் சின்ன அமைப்புகளுக்குக் காசு பெரும்பாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் ஊரவரிடமிருந்துதான் வருகிறது. அவர்களுக்கு ஊரில் இன்னும் மச்சானும் சித்தியும் இருக்கிறார்கள். உங்கள் அறிக்கை போகமுதல் ஊர்க்கதை போய்விடும். அதனால் கொடையாளருக்கு அனுப்பும் கணக்கை அன்றைக்கே சனசமூக நிலைய அறிவித்தல் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். விசாரிக்க வரும் மச்சானே உங்களுக்குச் சாட்சி.

காசு அமைப்பின் பெயரிலுள்ள, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். அவசரம் என்று பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு ஒருதரம் எடுத்தாலும் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

கொடையாளர் விபரங்களைப் பதிய ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி) போதும், எக்செல் என்றால் இன்னும் நல்லது. பெயர், நாடு, தொலைபேசி இலக்கம், திகதி, அனுப்பிய தொகை, கணக்கில் விழுந்த ரூபாய், நோக்கம், பெயரை வெளியிடலாமா, கடைசியாகப் பேசிய நாள், பேசிய விடயம். அதை இருவராவது பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். தொடர்பெல்லாம் செயலாளரின் தொலைபேசிக்குள் மட்டும் இருந்தால், அவர் வெளிநாடு போகும்போது கொடையாளரும் கூடவே போய்விடுவார்கள்.

இன்னொரு நிரல் முக்கியம்: யாருடைய நினைவாக? நம்மவர் கொடையில் கணிசமானது பெற்றோரின் நினைவு நாளிலும் பிள்ளைகளின் பிறந்தநாளிலும் வருவது. திதி ஆண்டுதோறும் வேறு திகதியில் விழும். ஆகவே திதியைப் பார்ப்பவர்களா, திகதியைப் பார்ப்பவர்களா என்று கேட்டு எழுதிவையுங்கள். நாளுக்கு ஐந்தாறு கிழமை முன்னர் ஒரு செய்தி போதும். அதற்குள் பொருள் வாங்கவும் நேரம் கிடைக்கும். ஆனால் இழப்பு நடந்து ஓராண்டு ஆகாத வீட்டில் நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். அவர்களே பேசினால் சரி.

காசு விழுந்து 48 மணித்தியாலத்துக்குள் நன்றி சொல்லுங்கள், பொதுக் குழுவில் அல்ல, தனியாக. "அண்ணை, நீங்கள் 3ஆம் திகதி அனுப்பின 200 பவுண் நேற்று 79,600 ரூபாயாக விழுந்தது. பற்றுச்சீட்டு இல. 47. ரெண்டு கடையில சைக்கிள் விலை கேட்டிருக்கிறம், 20ஆம் திகதிக்குள்ள பில் அனுப்புவம்." இவ்வளவும் போதும். "தங்கள் பெருந்தன்மைக்குச் சிரம் தாழ்த்தி" என்று நீட்டும் மடலை யாரும் கடைசிவரை வாசிப்பதில்லை. அதற்குப் பின் வேலை பாதியில் இருக்கும்போது ஒன்று, முடிந்ததும் மிச்சக் காசோடு ஒன்று. இந்த மூன்றும் போகாமல் அடுத்த உதவி கேட்கவேண்டாம். கொடையாளர் கழன்றுபோவதற்கு முதற் காரணம் இதுதான்: தொலைபேசி அடித்தாலே காசுக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

மதிப்பீட்டை ரூபாயில் கொடுத்து, எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அப்படி டொலர் ஏறி ரூபாய் மிஞ்சினால் எதற்குப் பாவிக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாக வேறு வேலைக்கு மாற்றாதீர்கள். ஒரே சைக்கிளை இரண்டு பேர் கணக்கில் காட்டும் கூத்தும் நடக்கிறது. சைக்கிள் ஃபிரேமில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பில்லிலும் பதிவேட்டிலும் எழுதினால் அதற்கு இடமில்லை.

காலக்கெடு சொல்லும்போது மழையை மறக்காதீர்கள். கிணற்று வேலை நீர்மட்டம் இறங்கியிருக்கும் ஆவணி, புரட்டாசிக்குள் முடியவேண்டும். ஐப்பசியிலிருந்து மழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் போன்ற ஆண்டில் எந்த அட்டவணையும் நிற்காது. சுணங்கப்போகிறது என்று தெரிந்த அன்றே, அவர் கேட்கமுதல், காரணத்தையும் புதுத் திகதியையும் சொல்லுங்கள். கெட்ட செய்தியை நேரத்துக்குச் சொல்பவரை நம்புவார்கள்.

படம் பற்றி: கொடையாளரின் பெயர்ப் பதாகையைப் பிடித்தபடி பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதை விடுங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே வகுப்பில் இருக்கவேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடு பாடம் நடக்கும்போது பின்னால் இருந்து எடுத்த படம், கடைப் பில், இறைத்து முடித்த கிணறு போதும்.

பேசுவதற்கு எங்கள் சனிக்கிழமை இரவு 8 மணி வசதி: லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30, கோடையில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் கூட. யூலை, ஓகஸ்டில் பலர் ஊருக்கு வருவார்கள். மாலையும் மேடையும் வேண்டாம், சாதாரண வகுப்பு நாளில் கூட்டிப்போய்ப் பதிவேட்டையும் காட்டுங்கள்.

வரிச்சலுகை தருவதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரித்தானியாவில் ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் மேலதிகமாகக் கிடைக்கும் கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகை அங்கு அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்புகளுக்குத்தான். எங்கள் பற்றுச்சீட்டு அதற்கு உதவாது.

இடையில் நிறுத்தியவரை ஆண்டுக்கு ஒருமுறை, காசு கேட்காமல், அழைத்துப் பேசுங்கள். ஏன் நிறுத்தினார் என்று கேட்டால் சொல்வார். சொன்னதை அந்தக் கொப்பியில் அவர் பெயருக்கு நேரே எழுதுங்கள்.