'கீப் எ ரெக்கார்ட் ஆஃப்': அந்த 'எ' எங்கே வரும்?

செலவையோ வருகையையோ எழுதி வைப்பதற்கு ஆங்கிலத்தில் 'கீப் எ ரெக்கார்ட் ஆஃப்' என்பார்கள். இதில் நடுவே வரும் 'எ'யைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். 'ப்ளீஸ் கீப் ரெக்கார்ட் ஆஃப் ஆல் பேமென்ட்ஸ்' என்பது பிழை. 'கீப் எ ரெக்கார்ட்' என்றே எழுத வேண்டும். பன்மையாகச் சொன்னால் 'எ' தேவையில்லை: 'கீப் ரெக்கார்ட்ஸ் ஆஃப்'.

'கீப் ட்ராக் ஆஃப்' இதற்கு நேர் எதிர். அங்கே 'எ' வரவே கூடாது. ஆனால் நம் அலுவலக மின்னஞ்சல்களில் 'கீப் எ ட்ராக் ஆஃப்' என்பதே அதிகம் கண்ணில் படுகிறது. 'எ ட்ராக்' என்றால் ஒரு பாதை, ஒரு தண்டவாளம் என்று பொருள் போய்விடும். இந்தத் தொடரில் 'ட்ராக்' எண்ணக்கூடிய ஒரு பொருள் அல்ல, அதனால்தான் 'எ' ஒட்டுவதில்லை.

பொருளிலும் வேறுபாடு உண்டு. முதலாவது, எழுத்தில் பதிந்து வைப்பது. இரண்டாவது, நடப்பதைத் தொடர்ந்து கவனித்து வருவது, மனக்கணக்காகவும் இருக்கலாம்.

இரண்டுக்கும் பின்னால் 'ஆஃப்'தான், 'அபவுட்' அல்ல.

வினையின் ஒருமை பன்மையில் கவனம் தேவை. 'எ ரெக்கார்ட் ஆஃப் ஆல் பேமென்ட்ஸ் இஸ் கெப்ட்' என்பதே சரி. அருகில் 'பேமென்ட்ஸ்' இருப்பதைப் பார்த்து 'ஆர்' போட்டுவிடுகிறோம். வினை ஒத்துப்போக வேண்டியது 'ரெக்கார்ட்' என்ற ஒருமைச் சொல்லோடு.

உச்சரிப்பில், பெயர்ச்சொல் என்றால் 'ரெ'யில் அழுத்தம். பதிவு செய் என்ற வினைச்சொல்லுக்கு 'ரிக்கார்ட்', அழுத்தம் இரண்டாம் அசையில்.