போர்ச்சுகலில் கோடை விடுமுறை: காற்றையும் கடல்நீரையும் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

போர்ச்சுகலுக்குக் கோடை விடுமுறையில் செல்ல விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் பார்ப்பது வெயிலின் அளவைத்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லிஸ்பனின் சராசரிப் பகல்நேர உச்ச வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ். மழை இல்லை என்றே சொல்லலாம். ஜூன் பிற்பகுதியில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணியாகிறது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் லிஸ்பனை அடுத்த கடலில் அதே ஜூலை மாதத்தில் நீரின் வெப்பநிலை 17 முதல் 19 டிகிரிதான் என்பதையும், பிற்பகலில் மணலை வாரி முகத்தில் அடிக்கும் காற்று வீசும் என்பதையும் பலர் கரையில் போய் நின்ற பிறகே அறிகிறார்கள். கோடையில் 28 டிகிரிக்கும் மேல் இருக்கும் சென்னைக் கடலில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அன்று. எனவே இந்த நாட்டுப் பயணத்துக்குக் காற்றையும் கடல்நீரையும் முதலில் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

காற்றின் காரணம் தெரிந்தால் தேர்வு எளிதாகும். கோடையில் அசோர்ஸ் தீவுகளை ஒட்டி அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் நிலைகொள்கிறது. மறுபுறம், ஐபீரியத் தீபகற்பத்தின் உட்பகுதி வெயிலில் காய்வதால் அங்கே காற்றழுத்தம் குறைகிறது. இவ்விரண்டுக்கும் இடையே போர்ச்சுகலின் மேற்குக் கரையோரமாக வடக்கிலிருந்து காற்று பாய்கிறது. நொர்தாடா என்று அழைக்கப்படும் இக்காற்று காலையில் அடங்கியிருந்து, நண்பகலுக்குப் பின் வலுத்து, மாலையில் ஓங்கி வீசும். கரையோரத்து மேல்நீரை அது கடலுக்குள் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆகவே, கரையில் வெயில் கொளுத்தும் காலத்திலேயே கடல் குளிர்ந்து கிடக்கிறது. அந்நாட்டின் மத்தி மீன் வளத்துக்கும் இந்த மேலெழும் நீரே அடிப்படை என்பதால், ஜூன் மாதத் தெருவிழாக்களில் கரியில் சுட்ட மத்தியை உண்ணும்போது குளிர்ந்த கடலின் மீதான மனத்தாங்கல் ஓரளவு தணியக்கூடும்.

இந்த அடிப்படையில் கரையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். போர்ட்டோவிலிருந்து நசாரே, லிஸ்பன், அலென்டேஜு கரை வழியாகத் தென்மேற்கு முனையான சாக்ரஸ் வரை நீளும் மேற்குக் கரை, காற்றும் அலையும் மிக்கது. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள விரும்புவோருக்கும், கரையோரமாக நெடுந்தூரம் நடக்க விரும்புவோருக்கும் ஏற்ற இடம் அது. சிறு குழந்தைகளோடு நீராடச் செல்பவர்களுக்கு ஏற்றதன்று. இரண்டாவது, லிஸ்பனுக்குத் தெற்கே அராபிதா மலையடிவாரத்தில் தெற்கு நோக்கி அமைந்த சிறு கடற்கரைகள். மலை வடகாற்றைத் தடுத்துவிடுவதால் அங்கே கடல் பெரும்பாலும் குளம் போல் அமைதியாக இருக்கும். நீர் மட்டும் குளிர்ந்ததே. கோடையில் அங்குள்ள சாலையில் தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படுவதால் செதூபலிலிருந்து பேருந்தில் செல்வதே நிம்மதி.

மூன்றாவது, தென்கரையான அல்கார்வ். விடுமுறையின் முதன்மை நோக்கம் கடல் நீராடல் என்றால், மறு யோசனை இல்லாமல் இங்கே செல்லலாம். ஆண்டுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் வெயில் காணும் இந்தப் பகுதிக்குள்ளும் இரு வேறு முகங்கள் உண்டு. லாகோஸ், போர்ட்டிமாவ், அல்புஃபெய்ரா முதலிய ஊர்கள் அடங்கிய மேற்குப் பாதி, படங்களில் நாம் காணும் பொன்னிறப் பாறைக் குன்றுகளும் சிறு வளைகுடாக்களும் கொண்டது. ஃபாரோவுக்குக் கிழக்கே குன்றுகள் மறைந்து, ரியா ஃபர்மோசா என்னும் காயலும் அதற்கு அப்பால் நீண்ட மணல் தீவுகளும் தொடங்குகின்றன. கிழக்குப் பாதியில் நீர் சற்று வெதுவெதுப்பானது; ஆகஸ்டில் பொதுவாக 21 முதல் 23 டிகிரி வரை இருக்கும்; மத்தியதரைக் கடல் பக்கமிருந்து லெவாந்தே என்னும் கீழைக்காற்று வீசும் நாட்களில் அதையும் தாண்டும். தவிரா அல்லது ஓல்யாவ் ஊரில் தங்கிக்கொண்டு, படகேறித் தீவுக் கடற்கரைக்குச் சென்று திரும்பலாம். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு என்னுடைய பரிந்துரை தவிராதான். அல்புஃபெய்ராவின் இரவுக் கூத்துகளை நாடுகிறவர்களுக்கு அது சப்பென்று இருக்கும்.

உள்நாட்டுப் பகுதி முற்றிலும் வேறு. எவோரா, பேஜா ஆகிய ஊர்களில் கோடையில் சராசரி உச்சமே 30 டிகிரியைக் கடந்துவிடும். வெப்ப அலையின்போது 40 டிகிரி சாதாரணம். 2003 ஆகஸ்டில் அலென்டேஜுவின் அமரலேஜாவில் 47 டிகிரிக்கு மேல் பதிவானது. வடகாற்று ஓய்ந்து, தீபகற்பத்தின் உள்ளிருந்து காற்று வரும் நாட்களில் லிஸ்பனும் தப்புவதில்லை. 2018 ஆகஸ்ட் 4 அன்று அந்நகரில் 44 டிகிரி பதிவானது. நம் ஊர்க் கத்திரி வெயிலைக் கண்டவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் விட வாய்ப்புண்டு. அங்கே காற்றில் ஈரம் குறைவு என்பதால் வியர்வை உடனே உலர்ந்துவிடுகிறது. உடலிலிருந்து நீர் இறங்குவதே தெரிவதில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். குழாய் நீர் குடிக்கத் தக்கது; ஒரு புட்டி கையில் இருந்தால் போதும்.

இனி மாதத்தைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை விழும் ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் போர்ச்சுகலில் வசந்த காலம். மே மாதத்தில் லிஸ்பனின் சராசரி உச்சம் 22 டிகிரி அளவில் இருக்கும். இடையிடையே மழை பெய்யும். ஊர்களைச் சுற்றவும், அலென்டேஜுவின் பூத்த வெளிகளைக் காணவும் இதைவிட நல்ல பருவம் இல்லை. நீராட மட்டும் எண்ண வேண்டாம். அல்கார்விலும் அப்போது கடல் 18 டிகிரியை ஒட்டியே இருக்கும். பிள்ளைகளின் விடுமுறையை மாற்ற முடியாத குடும்பங்கள் இதை நகரங்களுக்கும் கோட்டைகளுக்குமான பயணமாக வகுத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

ஜூன் மாதம் நீண்ட பகலும் விழாக்களும் கொண்டது. ஜூன் 12 இரவு லிஸ்பனில் புனித அந்தோணியார் விழாவும், ஜூன் 23 இரவு போர்ட்டோவில் புனித யோவான் விழாவும் தெருக்களை நிறைக்கின்றன. அந்த நாட்களில் பழைய நகரப் பகுதியில் அறை எடுத்தால் தூக்கத்தை மறந்துவிட வேண்டும். ஆகஸ்டில் போர்ச்சுகீசியர்களே பெருமளவில் விடுமுறை எடுத்துத் தெற்கே செல்கிறார்கள். ஆகஸ்ட் 15 பொது விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் அறை, ரயில், சாலை எல்லாவற்றிலும் நெருக்கடி. ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியால் ஜூலையும் ஆகஸ்டும் தவிர வேறு வழி இருக்காது. அவர்கள் ஆறு மாதங்களுக்கு முன்பே தங்குமிடத்தை உறுதி செய்துவிடுவது நல்லது. விடுமுறை நாட்களைத் தாங்களே முடிவு செய்யக்கூடியவர்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். நிலத்தைவிடக் கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால், கூட்டம் கலைந்த பிறகும் அல்கார்வின் நீர் 22 டிகிரி அளவில் நிற்கிறது. வடக்கே டோரு பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடையும் அப்போதுதான்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பம் சேர்ந்திருக்க வேண்டும். கோடைக்கு முன்னர் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம் என்பதால் இந்தப் பதினைந்து நாள் கணக்கை நம்பி இருக்க வேண்டாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். விசா கையில் வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள். லிஸ்பனிலிருந்து ஃபாரோவுக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். முன்கூட்டியே வாங்கினால் சீட்டின் விலை நன்றாகவே குறையும். அல்கார்வின் ஊர்களை லாகோஸிலிருந்து ஸ்பானிய எல்லை வரை ஒரு ரயில் பாதை இணைக்கிறது. ஆனால் சில நிலையங்கள் ஊரிலிருந்து தொலைவில் இருப்பதை வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது குளிர்சாதன வசதி உண்டா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய குடியிருப்புகள் பலவற்றில் அது இல்லை.

அங்கே சென்ற பின் ஒரு நாளை எப்படி அமைப்பது என்பதும் திட்டத்தின் பகுதியே. நாட்டின் கடிகாரம் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்படுவதாலும், நாடு மேற்கே அமைந்திருப்பதாலும், சூரியன் உச்சிக்கு வருவது பகல் பன்னிரண்டு மணிக்கு அன்று, ஒன்றரை மணியளவில். ஆகவே, கடுமையான வெயில் ஐந்து மணி வரை நீள்கிறது. மேற்குக் கரையில் காற்று எழும் முன், காலையிலேயே கடலுக்குச் சென்று, நண்பகலில் அறைக்குத் திரும்பி, மாலை ஆறு மணிக்கு மேல் ஊர் சுற்றுவது இரு தொல்லைகளையும் ஒருங்கே தவிர்க்கும்.

கடற்கரையில் காவலர்கள் ஏற்றும் கொடியைப் பார்க்காமல் நீரில் இறங்க வேண்டாம். பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் நின்று நீராடலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் நீரில் இறங்கவே கூடாது. கட்டம் போட்ட கொடி, உயிர்காப்பாளர் தற்காலிகமாக அங்கே இல்லை என்பதைக் குறிக்கும். ஓதத்தையும் மறக்க வேண்டாம். சென்னையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேல் போகும். பாறைக் குன்றுகளுக்கு நடுவேயுள்ள சிறு கடற்கரைகள் சில, ஏற்றத்தின்போது முழுவதுமாக மறைந்து, திரும்பும் வழியையும் அடைத்துவிடும். ஓத அட்டவணையை முதல் நாளிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் நிழல் எவ்வளவு அழைத்தாலும் அதன் அடியில் துண்டை விரிக்கக் கூடாது. 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தனர். குன்றின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி அமர்வதே பாதுகாப்பு.

காடும் மலையும் திட்டத்தில் இருந்தால், காட்டுத்தீயைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் பரவிய தீயில் 66 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் வாகனங்களில் தப்ப முயன்று சாலையில் சிக்கியவர்கள். அந்நாட்டு வானிலை நிறுவனமான இப்மா, தீ அபாயத்தை நகராட்சி வாரியாக ஐந்து நிலைகளில் நாள்தோறும் வெளியிடுகிறது. வெப்ப எச்சரிக்கைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தனியே தருகிறது. அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் நடைபாதைகள் மூடப்படும்; லிஸ்பனுக்கு அருகே அரண்மனைகள் அமைந்த சிந்த்ரா மலைக்கு வாகனங்கள் தடுக்கப்பட்டு அந்த அரண்மனைகளும் மூடப்படுவதுண்டு. எனவே, சிந்த்ராவைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளும்படி முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குள் வையுங்கள். அந்த மலையில் கோடையிலும் மூடுபனி இறங்கும் என்பதால் மெல்லிய மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்; மேற்குக் கரையின் மாலைக் காற்றுக்கும் அதுவே உதவும். புகை தெரிந்தாலோ தீயைக் கண்டாலோ அருகே சென்று படம் எடுக்காமல், வந்த வழியே விலகி, 112 என்னும் எண்ணை அழையுங்கள்.