பத்தனாப் புல்வெளியோரம் குடும்ப விழா நடத்துவது எப்படி

இலங்கை மலையகத்தில் தேயிலையைப் பற்றி நாம் பேசும் அளவுக்குப் புல்லைப் பற்றிப் பேசுவதில்லை. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் குடியிருந்த லயங்கள் என்னும் வரிசை வீடுகள் பலவற்றுக்குக் கூரையாக வேயப்பட்டது மானாப்புல்தான். இன்றும் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகை செய்வதற்கு முன்னர், களைத்த மண்ணைத் தேற்றுவதற்காக அதே புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்க்கிறார்கள். பிள்ளைகளும் தாத்தா பாட்டிமாரும் சேர்ந்து பத்தனா எனப்படும் மலைப் புல்வெளியைக் கொண்டாட ஒரு பகல் பொழுது போதும்.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்திருக்கும். ஊவாவில், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில், வடகீழ்ப் பருவமழை முடிந்து புல் இன்னும் பச்சையாக நிற்கும் நாட்களே ஏற்றவை. ஆனி முதல் ஆவணி வரை வெயிலும் காற்றும் சேர்ந்து புல்லைக் காயவைத்துவிடுவதால், அந்த மாதங்களில் அங்கே விழா வேண்டாம். மாசியில் வைத்தால் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்காகக் கூடியிருக்கும் கலைஞர்களையும் அழைக்கலாம்.

இடம் புல்வெளிக்குள் இருக்கக்கூடாது, அதன் ஓரத்தில் இருக்கவேண்டும். பாடசாலை மைதானமோ தோட்டத் தொழிலாளர் வேலைக்குமுன் கூடும் பிரட்டுக்களமோ பொருத்தமானது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், மரைகள் மேயும் அந்த வெளியை வேறொரு நாளில், பொலித்தீன் எதுவும் கொண்டுபோகாமல், அதிகாலையில் சென்று பார்த்து வாருங்கள். தோட்ட முகாமையாளரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிசாரின் அனுமதி தேவை.

மிகுந்த கவனம் வேண்டியது தப்பு என்னும் பறைக்கு. பனி இறங்கினால் தோல் தளர்ந்து ஓசை மங்கிவிடும் என்பதால், கலைஞர்கள் அடிக்கடி நெருப்பு மூட்டி அதைக் காய்ச்சவேண்டியிருக்கும். நான் பார்த்த ஒரு விழாவில் அந்த நெருப்பிலிருந்து பறந்த ஒரு பொறி காய்ந்த புல்லில் விழுந்து, மூன்று பேர் பச்சைக் கிளைகளால் அடித்து அணைப்பதற்குள் ஒரு பாய் அகலத்துக்குக் கருகிவிட்டது. ஆகவே நெருப்புக்கென்று புல்லிலிருந்து விலகிய வெறுந்தரையைச் செதுக்கி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்து, ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள். சமையலையும் வீட்டிலேயே முடித்துவிட்டு ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் பரிமாறினால் போதும்.

விழா என்றாலே மரக்கன்று நடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பத்தனாவில் அதைச் செய்யாதீர்கள். புல்வெளி மரத்துக்காகக் காத்திருக்கும் தரிசு நிலமல்ல. அதற்கே உரிய செடிகளும் பூச்சிகளும் பறவைகளும் உள்ள நிலம் அது. பைன் மரங்களை நட்ட பத்தனாச் சரிவுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஊசியிலைகள் மூடிக்கிடக்கும் தரையையும் திறந்த புல்தரையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் நட்டே ஆகவேண்டுமென்றால், ஊவாவின் உலர் பத்தனாவில் தானாகவே வளரும் நெல்லியையோ கடுக்காயையோ பாடசாலைத் தோட்டத்தில் நடுங்கள்.

பிள்ளைகளுக்கான முக்கிய வேலை இது: நான்கு மீட்டர் கயிற்றை முடிச்சிட்டு, பக்கத்துக்கு ஒரு மீட்டராகச் சதுரமாக விரித்து, அதற்குள் எத்தனை வகைப் புல் இருக்கிறது என்று எண்ணவேண்டும். ஒவ்வொரு குழுவுடனும் ஒரு மூத்தவர் உட்காரட்டும். மானாத் தாளைக் கசக்கி மூக்கருகே பிடித்தால் எலுமிச்சை வாசம் வரும். அந்த வாசத்தோடு மூத்தவர் தம் அம்மா, அப்பா சொன்ன கூரைக் கதையையும் சொல்லத் தொடங்குவார். அட்டைக்கடிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு நீண்ட காலுறை போட்டு, உப்புப் பொட்டலம் ஒன்றையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

எண்ணி முடித்ததும் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் கல் வைத்து, கிடைத்த எண்ணிக்கையைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, அதைப் பாடசாலையில் கொடுத்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே கற்களுக்கு இடையில் அதே கயிற்றை விரிக்கவேண்டும்.