இ-சைக்கிள் ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்? உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

கடையில் 40 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். முதல் வாரம் மிதிக்காமல், மோட்டாரை முடுக்கும் கைப்பிடித் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே போனேன், இருபதிலேயே வண்டி நின்றுவிட்டது. கிண்டியிலிருந்து திருவான்மியூர் வரும் வழியில், இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளை மோட்டார் இல்லாமல் மிதித்துக்கொண்டு வந்தால்தான் தெரியும் அந்தக் கஷ்டம். இந்த நிலைமை இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி லேபிளைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் வாட் அவர், அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு கிடைக்கும். என்னுடையது 36 வோல்ட், 7.8 ஆம்பியர் அவர். பெருக்கினால் 280 வாட் அவர். அதில் 250-ஐ மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிச் சொட்டு வரை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

அடுத்து, ஒரு கிலோமீட்டருக்கு உங்களுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்காமல் வேறு எந்த யோசனையும் பயன்படாது. பிளக்கில் சொருகும் சின்ன மின் அளவி ஒன்று வாங்குங்கள். முழு சார்ஜில் கிளம்பி, இரண்டு நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, திரும்ப முழுசாக ஏற்றும்போது எத்தனை யூனிட் ஏறியது என்று பாருங்கள். எனக்கு 32 கிலோமீட்டருக்கு 0.26 யூனிட், அதாவது 260 வாட் அவர் ஏறியது. சார்ஜரில் சூடாகப் போவதற்கு ஒரு 15 சதவீதம் கழித்தால் சுமார் 220, ஆக கிலோமீட்டருக்கு ஏழு வாட் அவர். 250-ஐ ஏழால் வகுத்தால் முப்பத்தைந்து கிலோமீட்டர். மிதிக்காமல் த்ராட்டிலில் மட்டும் போனபோது இதே கணக்கு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வாட் அவர் என்று வந்தது. அந்த முதல் வாரத்து இருபது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பெடல் அசிஸ்ட் (மிதிக்கும்போது மோட்டாரும் கூட உதவும் முறை) போட்டும் பேட்டரி சீக்கிரம் தீருகிறது என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும்தான் சென்சார் பார்க்கும், நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று பார்க்காது. காலைச் சும்மா சுற்றினால் முழு வேலையையும் மோட்டாரே செய்யும். அசிஸ்டை ஒரு படி குறைத்து, காலில் கொஞ்சம் பாரம் தெரிகிற கியரில் மிதியுங்கள். சிக்னலில் பச்சை விழுந்ததும் சின்ன கியரில் இரண்டு மூன்று மிதி மிதித்த பிறகு மோட்டாரை இயங்க விடுங்கள், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் அது அதிகமாக இழுக்கும்.

அப்புறம் காற்று. வேகம் 20-லிருந்து 25 ஆனால், கிலோமீட்டருக்குக் காற்றைத் தள்ள ஆகும் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. எதிர்காற்றும் அப்படித்தான்: 20-இல் போகும்போது மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று எதிரே வந்தால் அந்தச் செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சென்னைக் கோடையில் சாயங்காலம் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், நான் வீடு திரும்புவதும் கிழக்கு நோக்கித்தான். அதனால் காலையில் ஆன செலவை இரண்டால் பெருக்கி மாலைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள், ஐந்து கிலோமீட்டராவது கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேம்பாலத்துக்கு நான் பயந்ததுதான் வீண். ஆளும் வண்டியும் சேர்ந்து நூறு கிலோ என்றால் எட்டு மீட்டர் ஏற மூன்று வாட் அவர்தான், அரை கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆகும் செலவுகூட இல்லை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நூறு நூறு மீட்டராக ஏறும் சாலைகள் வேறு கதை, ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் 35 முதல் 40 வாட் அவர் வரை போய்விடும்.

டயரில் காற்று குறைந்திருந்தால் மோட்டார் வீணாக உழைக்கும். எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும், பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் உரசுகிறதா என்றும் பாருங்கள். செயினுக்கு எண்ணெய்.

டிஸ்பிளேயில் தெரியும் பேட்டரிக் கோடுகளை ஓட்டத்தில் பார்க்காதீர்கள். மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கும், கோடும் குறையும். நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி ஏறியிருக்கும், அதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வரும்.

தினமும் போய்வரும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடுகிற பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள், இரண்டு மூன்று வருடத்தில் அதன் கொள்ளளவு குறையத்தான் செய்யும். வெயிலில் நின்ற வண்டியை வந்தவுடனே சார்ஜில் போடாமல் ஒரு அரைமணி நேரம் ஆறவிடுங்கள். இரண்டு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் கழற்றி, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.